பழைய அஞ்சலட்டையில் கடற்கரை ராட்டினம்: எது நிஜம், எது தூரிகை?

இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிளாக்பூலின் நூறு ஆண்டுக்கு முந்தைய அஞ்சலட்டை ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணை இழுப்பது அதன் நிறம்தான். இளஞ்சிவப்பு வானம், பச்சைக் கடல், மஞ்சள் மணல், செக்கச்செவேல் என்று ராட்டினப் பெட்டிகள். அந்த நிறங்களில் ஒன்றுகூடக் கேமரா பார்த்தது அல்ல. கேமராவில் பதிந்தது கறுப்பு வெள்ளை நெகட்டிவ். அது அச்சகத்துக்குப் போன பிறகுதான் நிறம் ஏறியது. 1914-க்கு முன் பிரிட்டன், அமெரிக்கக் கடற்கரை அட்டைகளில் பெரும்பங்கு ஜெர்மனியில் அச்சானது. வண்ணம் பிரித்துக் கொடுத்த தொழிலாளி பிளாக்பூலையோ நியூயார்க்கின் கோனி ஐலண்டையோ கண்ணால் கண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. 'கூரை சிவப்பு, கொடி நீலம்' என்று கூடவே வந்த குறிப்பை வைத்து வேலையை முடித்திருப்பார். குறிப்பு வராத இடத்தில் அவர் மனசுக்குப் பட்ட நிறம்.

அதனால் அட்டை பொய் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நிறம், வானம், நிலா, கொடி, முன்னால் நிற்கும் மனிதர்கள் எல்லாம் எளிதாக மாற்றக்கூடியவை, மாற்றினார்கள். ஆனால் ஒரு மரத்தடச் சவாரியின் நூற்றுக்கணக்கான குறுக்குக் கட்டைகளையும், ஒரு ராட்டினத்தின் கம்பிவடங்களையும் உட்கார்ந்து திருத்தி வரைய யாருக்கும் பொறுமையும் கிடையாது, காசும் கிடையாது. எலும்புக்கூடு கேமரா கண்டபடியே தங்கிவிடுகிறது. அந்த இயந்திரம் எப்படி ஓடியது என்று தெரிந்தவர் கண்ணுக்கு அந்த எலும்புக்கூடு வேகம், ஆபத்து, ஆண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஆகவே இந்த அட்டைகளைப் படிக்க அச்சுக்கலையும் தெரிய வேண்டும், ராட்டினமும் தெரிய வேண்டும்.

வயதைக் கணிப்பது

பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பிரிட்டனில் தனியார் அச்சிட்ட அட்டைகளைத் தபாலில் அனுப்ப 1894 செப்டம்பர் 1 முதல் அனுமதி கிடைத்தது. தொடக்க கால அட்டை இன்றைய அளவைவிடச் சிறியது, சுமார் 115 × 89 மி.மீ. 140 × 89 மி.மீ. என்ற முழு அளவு 1899 நவம்பரில் வந்தது. 1902 வரை பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும்தான். சேதி எழுத வேண்டுமென்றால் படம் இருக்கும் பக்கத்திலேயே எழுத வேண்டும். அதனால் படத்துக்குக் கீழோ பக்கத்திலோ வெள்ளையாக இடம் விட்டிருப்பார்கள். 1902-இல் பின்பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடது பாதியில் சேதி, வலது பாதியில் முகவரி என்று பிரித்த முதல் நாடு பிரிட்டன். அமெரிக்கா இதற்கு 1907 மார்ச் 1 வரை காத்திருந்தது. கோனி ஐலண்டின் லூனா பார்க் பூங்காவைக் காட்டும், நடுக்கோடு இல்லாத அட்டை அநேகமாக 1903-க்கும் 1907-க்கும் இடைப்பட்டது என்று துணிந்து சொல்ல முடிவது இதனால்தான்.

தபால்தலையும் உதவும். ஏழாம் எட்வர்டு மன்னரின் தலை 1902 ஜனவரி 1 முதல். ஐந்தாம் ஜார்ஜ் தலை 1911 ஜூன் 22 முதல். பிரிட்டனுக்குள் அட்டை அனுப்ப அரை பென்னி என்ற கட்டணம் 1918 ஜூன் வரை நீடித்தது; அதன்பின் ஒரு பென்னி. அரை பென்னித் தலை ஒன்று மட்டும் ஒட்டிய உள்நாட்டு அட்டையில் முத்திரை தெளிவில்லாமல் இருந்தாலும், 1918-க்கு முந்தையது என்று கொள்ளலாம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முத்திரை காட்டுவது அட்டை தபாலில் போன நாளை. படம் எடுத்த நாள் அதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். கடைக்காரர் பழைய சரக்கை ஐந்தாறு சீசன் விற்றிருப்பார். பதிப்பாளர் அதே நெகட்டிவுக்குப் புது நிறம் பூசிப் புது அட்டையாக இறக்கியிருப்பார். படத்தின் வயது படத்துக்குள்ளேதான் இருக்கிறது. எது கட்டப்பட்டுவிட்டது, எது இன்னும் இடிக்கப்படவில்லை என்று இரண்டு எல்லைகளைப் பிடிக்க வேண்டும்.

பிளாக்பூல் இதற்கு அருமையான ஊர். 518 அடி உயரக் கோபுரம் 1894-இல் திறந்தது. 220 அடி உயர ராட்சத ராட்டினம் 1896-இல் வந்து 1928-இல் பிரித்தெடுக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து நிற்கும் படம் 1896–1928 என்ற கூண்டுக்குள் அடைபட்டுவிடும். கோபுரம் கடலோரச் சாலையில் இருந்தது. ராட்டினம் ஊருக்குள் சற்றுத் தள்ளி, விண்டர் கார்டன்ஸ் வளாகத்தில். கடல்பாலத்திலிருந்து பார்ப்பவருக்கு ராட்டினம் கோபுரத்தைவிடத் தொலைவு. 220-ஐ 518-ஆல் வகுத்தால் 0.42. தொலைவில் இருப்பது இன்னும் சிறிதாகத்தான் தெரியும் என்பதால், கடல் பக்கமிருந்து எடுத்த படத்தில் ராட்டினம் கோபுரத்தின் 42 சதவீதத்தைத் தாண்டவே கூடாது. அடிக்கோலை வைத்துப் பாருங்கள். பாதி உயரத்துக்கு நின்றால் யாரோ பெரிதாக்கி ஒட்டியிருக்கிறார்கள்.

நியூயார்க்கின் கோனி ஐலண்டில் அதே வேலையைச் செய்வது டிரீம்லேண்டின் 375 அடி வெள்ளைக் கோபுரம். பூங்கா திறந்தது 1904. 1911 மே 27 அதிகாலைத் தீயில் எல்லாம் சாம்பல். கோபுரம் தெரிந்தால் அந்த ஏழு ஆண்டுகளுக்குள் எடுத்த படம், அட்டை எப்போது தபாலில் போயிருந்தாலும் சரி.

பத்து மடங்கு லென்ஸ்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். அட்டையின் வானப் பகுதியை அதன்வழி பாருங்கள். சீரான கட்டத்தில் புள்ளிகள் தெரிந்தால் அது ஹாஃப்டோன் அச்சு. புழு ஊர்ந்த தடம்போல ஒழுங்கற்ற நெளிவுகள் தெரிந்தால் கொலோடைப்: கண்ணாடித் தட்டில் பூசிய ஜெலட்டின் சுருங்கி வெடித்த தடத்திலேயே மை பிடித்து அச்சாகும் முறை. புள்ளியோ நெளிவோ எதுவும் இல்லாமல் சாம்பல் நிறம் வழுக்கிக்கொண்டு போனால் அது நிஜப் புகைப்பட அட்டை, அதாவது புகைப்படத் தாளிலேயே நேரடியாகக் கழுவி எடுத்தது. ராட்டினம் பற்றி அறிய விரும்புபவருக்குத் தங்கம் இந்த மூன்றாவது வகைதான். ஒரு போல்ட் தலைகூடத் தெரியும். கோடாக்கின் 3ஏ கேமரா 1903-இல் வந்தபின், அஞ்சலட்டை அளவு நெகட்டிவை அப்படியே தாளில் பதித்து எடுப்பது ஊர்ப் புகைப்படக்காரருக்கும் எளிதாயிற்று.

வண்ண அட்டையில் பெரும்பாலும் கறுப்பு அச்சு படத்தைத் தாங்கும். அதன்மேல் மற்ற நிறங்கள் தனித்தனிக் கல்லில் அல்லது தட்டில் ஏறும். தாள் அரை மி.மீ. நகர்ந்தால் போதும், சிவப்புக் கூரை வானத்தில் வழியும். இது குறைதான், ஆனால் பயனுள்ள குறை. நிறம் விலகிய இடத்தில், அடியில் இருக்கும் கறுப்புப் படம் துல்லியமாகத் தெரியும். கூரைக்கு அடியில் கறுப்புக் கோடே இல்லையென்றால் அந்தக் கூரையையே கையால் சேர்த்திருக்கிறார்கள்.

நிலா, கொடி, கலங்கல்

இரவுக் காட்சி அட்டைகள் தனி இனம். 1903 மே மாதம் கோனி ஐலண்டில் திறந்த லூனா பார்க் இரண்டரை லட்சம் மின்விளக்குகள் என்று விளம்பரம் செய்தது; வீட்டில் மின்சாரம் இல்லாத பெரும்பான்மை மக்களுக்கு அந்த வெளிச்சமே ஒரு சவாரி. பூங்காவின் இரவுப் படங்களில் நீண்ட நேரம் லென்ஸைத் திறந்துவைத்து உண்மையாகவே எடுத்தவையும் உண்டு. ஆனால் சந்தையில் கிடைக்கும் இரவு அட்டைகளில் நிறைய, பகல் படத்துக்குக் கருநீலம் பூசி, ஜன்னல்களில் மஞ்சள் வைத்து, மேலே ஒரு நிலாவை ஒட்டியவை. தரையைப் பாருங்கள். ஆட்களின் நிழல் எல்லாம் ஒரே திசையில் கூர்மையாக விழுந்திருந்தால் மேலே இருந்தது சூரியன்.

இன்னொரு சோதனை திசை. கோனி ஐலண்ட் கடற்கரை தெற்கு நோக்கியது. கடலுக்குள் நீளும் பாலத்திலிருந்து கரையைப் பார்த்து எடுத்த படம் வடக்கைப் பார்க்கிறது. அந்த அட்சரேகையில் நிலா நேர் வடக்கில் ஒருநாளும் வராது. கோபுரங்களுக்குப் பின்னால் முழுநிலா நின்றால் அது அச்சகத்து நிலா. பிளாக்பூலில் கணக்கு வேறு: கடற்கரை மேற்கு நோக்கியது, பாலத்திலிருந்து கரையைப் பார்ப்பவர் கிழக்கைப் பார்க்கிறார், அங்கே மாலையில் நிலா எழுவது இயல்பு. கொடிகளையும் விடாதீர்கள். பக்கத்துப் பக்கத்துக் கம்பங்களில் கொடிகள் எதிரெதிர்த் திசையில் பறந்தால் ஒன்றாவது வரைந்தது.

ஓடும் பெட்டி கூர்மையாகத் தெரிகிறதா என்பதும் சாட்சிதான். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் பெட்டி, வினாடியின் 25-இல் ஒரு பங்கு நேரம் திறந்த ஷட்டருக்குள் 40 செ.மீ. நகர்ந்துவிடும். 60 மீட்டர் அகலக் காட்சி 140 மி.மீ. அட்டையில் அடங்கியிருந்தால் அந்த 40 செ.மீ. அட்டையில் சுமார் 0.9 மி.மீ. கலங்கலாக விழும், வெறுங்கண்ணுக்கே தெரியும். பெட்டி கத்தி முனையாகத் தெரிந்தால் மூன்று வாய்ப்புகள்: வேகமான ஷட்டர், படத்துக்காக நிறுத்திவைத்த வண்டி, தூரிகை. ஆட்கள் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தால் நிறுத்திவைத்த வண்டி.

கட்டிவைத்த விமானம்

பிளாக்பூல் தென்கரையின் மணல்மேட்டில் 1904-இல் ஓடத் தொடங்கிய ஹைராம் மேக்சிமின் 'கட்டுண்ட பறக்கும் இயந்திரம்' இன்றும் அதே இடத்தில் சுழல்கிறது. மேக்சிம் துப்பாக்கியைக் கண்டுபிடித்த அதே மேக்சிம்தான். 1894-இல் கென்ட் பகுதியில் அவர் கட்டிய மூன்றரை டன் நீராவி விமானம் தண்டவாளத்தைவிட்டு ஒரு கணம் எழும்பியது. அதிகம் எழும்பாமல் தடுக்க வைத்த காவல் தண்டவாளத்தில் சிக்கிச் சேதமானது. பறத்தலை மக்களுக்குக் காட்டவும் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்கவும் அவர் இந்தச் சவாரியைக் கட்டினார். உண்மையான இறக்கைகள் வைத்து, பயணிகளே பெட்டியை மேலே கீழே செலுத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். பாதுகாப்பு இல்லை என்று அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். இறக்கையை எடுத்துவிட்டால் அது பெரிய குடைராட்டினம்தான். மேக்சிமுக்கு அதன்மேல் இருந்த ஆர்வம் போய்விட்டது. அவர் இழந்தது மக்களுக்கு நூற்றுச் சொச்சம் ஆண்டுகளாகக் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

நடுவில் ஒரு தூண், அதிலிருந்து விரியும் கைகள், ஒவ்வொரு கையிலிருந்தும் கம்பிவடத்தில் தொங்கும் படகு போன்ற பெட்டி. தூண் சுழலச் சுழலப் பெட்டிகள் வெளியே விரியும். வடம் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்கிறது என்பதை இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வேகமும், பெட்டி சுழலும் வட்டத்தின் ஆரமும். வேகத்தின் வர்க்கத்தை, ஆரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கிய எண்ணால் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் டேன் மதிப்பு வரும். ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வடம் 30 பாகை சாய்ந்திருந்தால் வேகம் மணிக்கு 33 கி.மீ., ஒரு சுற்றுக்குப் பத்து வினாடி. 45 பாகை என்றால் 44 கி.மீ., எட்டு வினாடிக்குச் சற்றுக் குறைவு. 60 பாகை என்றால் 57 கி.மீ., ஆறு வினாடி. அசையாத படத்திலிருந்து வேகத்தை எடுத்துவிடலாம். பாகைமானியும் ஆரத்தைக் கணிக்க அருகில் ஒரு மனிதரின் உயரமும் இருந்தால் போதும்.

அளக்கும்போது ஒரு கவனம் வேண்டும். படத்தின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் உள்ள பெட்டிகள் மட்டுமே உண்மைச் சாய்வைக் காட்டும். நமக்கு மிக அருகில் உள்ள பெட்டியும் தூணுக்கு நேர் பின்னால் உள்ள பெட்டியும் நம் கண்ணின் திசையிலேயே சாய்வதால் நேராகத் தொங்குவதுபோல் இருக்கும்.

இந்தச் சூத்திரத்தில் எடை இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பத்துப் பேர் உட்கார்ந்த பெட்டியும் காலிப் பெட்டியும் கிட்டத்தட்ட ஒரே கோணத்தில்தான் விரியும். காற்றின் தடை மட்டும் சிறு வித்தியாசம் செய்யும். ஒரே அட்டையில் இடது ஓரப் பெட்டி 20 பாகை, வலது ஓரப் பெட்டி 45 பாகை என்று இருந்தால் ஒன்று படம் பொய், அல்லது பலத்த கடற்காற்று. கொடியைப் பார்த்து முடிவு செய்யலாம். பயணி உணரும் எடையும் கோணத்திலேயே இருக்கிறது: 45 பாகையில் 1.4 மடங்கு, 60 பாகையில் இரண்டு மடங்கு. அவ்வளவு எடை ஏறும்போது தலையைத் திருப்பி வேடிக்கை பார்ப்பதுகூடச் சிரமம். அட்டையில் சீமாட்டி ஒருவர் அறுபது பாகைப் பெட்டியிலிருந்து எழுந்து நின்று கைக்குட்டை ஆட்டினால் அந்தச் சீமாட்டி பிறந்தது அச்சகத்தில்.

சரிவிலிருந்து வளையம் வரை

ரோலர் கோஸ்டரின் கதை கோனி ஐலண்டில் 1884 ஜூனில் லமார்க்கஸ் தாம்ப்சன் திறந்த 'ஸ்விட்ச்பேக்' சவாரியோடு வேகம் பிடிக்கிறது. 600 அடி நீளம், 50 அடி உயரத்தில் தொடக்கம், மணிக்கு ஆறு மைல் வேகம், கட்டணம் 5 சென்ட். பெட்டி அல்ல, பெஞ்சு. பயணிகள் பக்கவாட்டில் கடலையும் கூட்டத்தையும் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். உராய்வு தின்றுவிடுவதால் எந்தப் பெட்டியும் புறப்பட்ட உயரத்துக்குத் திரும்ப ஏறாது. அதனால் மறுமுனையில் எல்லோரும் இறங்க வேண்டும். பணியாளர்கள் வண்டியை மேடைக்குத் தள்ளி ஏற்றி, பக்கத்துத் தடத்துக்கு மாற்றித் திருப்பி விடுவார்கள். இரு முனையிலும் ஒவ்வொரு மேடை, நடுவே இணையாக இரண்டு அலைத் தடங்கள் என்று படத்தில் கண்டால் இந்த முதல் தலைமுறை என்று உறுதி. தடம் வட்டமாகச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்தால், வண்டியை இழுத்து ஏற்ற வடமோ சங்கிலியோ வந்துவிட்ட அடுத்த தலைமுறை.

அந்த அடுத்த தலைமுறைதான் 'சீனிக் ரயில்வே'. மெல்போர்ன் செயின்ட் கில்டாவில் 1912 முதலும், இங்கிலாந்தின் மார்கேட்டில் 1920 முதலும் நிற்கும் இரண்டையும் பார்த்தால் அட்டையில் எதைத் தேட வேண்டும் என்பது விளங்கும். முதலாவது, தடத்தின் இருபுறமும் பலகைச் சுவர். வண்டி அந்த மரத் தொட்டிக்குள் ஓடும். பக்கச் சக்கரங்கள் சுவரில் உரசி வண்டியைத் தடத்தில் வைக்கும். ஆனால் வண்டி மேலே எழும்பாமல் பிடிக்க அடியில் எதுவும் கிடையாது. புவியீர்ப்பு ஒன்றே பூட்டு. அதனால் மேட்டின் உச்சி மழுங்கலாக இருக்கும். கூரான உச்சியில் வேகமாகப் போனால் வண்டி தடத்தைவிட்டுக் கிளம்பிவிடும். தடத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம் வைத்து வண்டியைப் பூட்டும் முறைக்கு ஜான் மில்லர் 1919-இல் காப்புரிமை பெற்ற பிறகுதான் செங்குத்துச் சரிவுகள் பிறந்தன. 1923-இல் பிளாக்பூலில் எழுந்த 'பிக் டிப்பர்' அவருடைய வடிவமைப்பு. ஆக, உச்சி எவ்வளவு கூர் என்பதே காலத்தைச் சொல்லும்.

இரண்டாவது, வண்டிக்குள் நெம்புகோலைப் பிடித்தபடி ஒரு பிரேக் ஆள். தடத்தில் பிரேக் இல்லாத காலம் அது. ஈரமான நாளில் பிடிப்பு குறையும், ஆட்கள் நிறைந்தால் வேகம் கூடும். ஒவ்வொரு சரிவுக்கு முன்னும் அவர் கை அதைக் கணித்தாக வேண்டும். மெல்போர்னில் இன்றும் அப்படித்தான்; மார்கேட்டிலும் அப்படித்தான் ஓட்டினார்கள். அட்டையில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, தொப்பி போட்ட ஒருவர் மட்டும் நடுவில் நின்றால் அவரை வேடிக்கைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள்; அத்தனை உயிருக்கும் அவர் கைதான் பொறுப்பு. மார்கேட் சவாரி 2008-இல் தீக்கிரையாகி, பாடுபட்டு மீட்கப்பட்டு 2015-இல் மீண்டும் ஓடியது. அதைக் கேட்டு மகிழாத ராட்டின ஆர்வலர் இருக்க முடியாது.

வளையச் சவாரிகள் அட்டையில் மிக அழகு, உடம்புக்கு மிக மோசம். 1895-இல் கோனி ஐலண்டின் சீ லயன் பூங்காவில் வந்த 'ஃபிளிப் ஃபிளாப்' 25 அடி உயரமுள்ள சுத்த வட்டம். சுத்த வட்டத்தில் ஒரு கொடுமை இருக்கிறது. உச்சியில் கீழே விழாமல் இருக்க வேண்டிய குறைந்தபட்ச வேகத்தில் நுழைந்தாலே, அடியில் நுழையும் கணத்தில் பயணியின் எடை ஆறு மடங்காகும். வட்டம் பெரிதா சிறிதா என்பது பொருட்டே இல்லை. கணக்கில் ஆரம் அடிபட்டுப் போகிறது. உராய்வை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டினால் இன்னும் ஏறும். ஃபிளிப் ஃபிளாப்பில் 12 மடங்கு வரை போயிருக்கும் என்பார்கள். கழுத்து தாங்குமா? எட்வின் பிரெஸ்காட் 1901-இல் கோனி ஐலண்டில் கட்டிய 'லூப் த லூப்' நீள்வட்டமாக இருந்ததால் மென்மையாக ஓடியது. ஆனாலும் ஒரு தடவைக்கு நாலே பேர். வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்தில் சிறு பங்குகூட ஏறவில்லை. அட்டையில் வளையத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள்: சமமாக இருந்தால் வட்டம், உயரம் கூடினால் பிரெஸ்காட் வகை. நாம் இன்று காணும் கண்ணீர்த்துளி வடிவ வளையம் 1976-இல் கலிபோர்னியாவில் வந்த 'ரெவல்யூஷன்' சவாரியோடுதான் நிலைத்தது.

கோனி ஐலண்டின் ஸ்டீபிள்சேஸ் பூங்கா பற்றிச் சுருக்கமாக. ஜார்ஜ் டில்யூ 1897-இல் திறந்த அந்தப் பூங்காவில் மரக்குதிரைகள் இரும்புத் தண்டவாளத்தில் தம் எடையாலேயே பந்தயம் ஓடின. உராய்வு எடைக்கேற்பக் கூடும், காற்றுத்தடை அப்படிக் கூடாது. எனவே கனமானவர்கள் ஏறிய குதிரைக்கே வாய்ப்பு அதிகம். ஒரே குதிரையில் ஆணும் பெண்ணுமாக இருவர் உட்காரலாம் என்பதுதான் கூட்டத்தை இழுத்தது. அட்டைகளும் அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டின. 1907-இல் பூங்கா எரிந்தபோது டில்யூ இடிபாட்டைப் பார்க்க 10 சென்ட் வசூலித்து, அடுத்த சீசனுக்குள் மறுபடியும் எழுந்து நின்றார்.

இந்தப் பூங்காக்கள் ஏன் இப்படி எரிந்தன என்பதும் அட்டையிலேயே தெரியும். டிரீம்லேண்டின் பளிங்கு போன்ற வெள்ளை மாளிகைகள் கல் அல்ல. மரச்சட்டத்தில் மெல்லிய பட்டைகளை அறைந்து, அதன்மேல் நார் கலந்த பிளாஸ்டரை அப்பியவை. உள்ளே முழுக்கக் காய்ந்த மரமும் வெற்றிடமும். தீக்குப் புகைபோக்கி கட்டிக் கொடுத்ததுபோல. 1911-இல் 'ஹெல் கேட்' படகுச் சவாரியின் கசிவை அடைக்கக் கீல் காய்ச்சிக்கொண்டிருந்த இடத்தில் தீ பற்றியது. விடிவதற்குள் ஊரின் மிகப் பெரிய வெள்ளைக் கோபுரம் இல்லை. லென்ஸ்வழி அந்தச் சுவர்களைப் பார்த்தால் சில அட்டைகளில் பிளாஸ்டர் விரிசலும் பட்டைக் கோடும் தெரியும். கடல் உப்பு ஏற ஏற அது வருடாவருடம் பூசவேண்டிய சுவர்.

ஸ்கேன், பாதுகாப்பு

ஹாஃப்டோன் அட்டையை 300 டிபிஐ-இல் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனரின் கட்டமும் மோதி, வானம் முழுக்கப் பட்டுப்புடவை மினுமினுப்புபோல அலைகள் விழும். 1200-இல் எடுத்துவிட்டுப் பிறகு சிறிதாக்குங்கள். கொலோடைப்புக்கு 600 போதும். நிஜப் புகைப்பட அட்டைக்கு 1200-க்குக் குறைய வேண்டாம், அதில் விவரம் இருக்கிறது. வண்ண அட்டையைக் கறுப்பு வெள்ளையில் எடுக்காதீர்கள்; நிறம் விலகிய ஓரங்கள்தான் தூரிகையைக் காட்டிக்கொடுப்பவை. பின்பக்கத்தையும் அதே அளவில் எடுக்க வேண்டும். இணையத்தில் முன்பக்கம் மட்டும் ஏற்றி, ஓரத்தை வெட்டி, 'சீரமைத்து' நிறமேற்றிய படங்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. பதிப்பாளர் எண், நடுக்கோடு, தபால்தலை, முத்திரை எல்லாம் போய்விட்டால் அந்தப் படத்துக்கு வயதே இல்லை.

வைப்பதற்குப் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை. பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுத்து மையைப் பிடுங்கும். ஒட்டுநாடா, ரப்பர் பேண்ட், பசை ஆல்பம் மூன்றும் ஆகாது. நிஜப் புகைப்பட அட்டையின் இருண்ட பகுதிகளில் வெள்ளி ஏறிப் பளபளத்தால் துடைக்காதீர்கள். துடைத்தால் படமே சேர்ந்து வரும்.

கடலில் நடந்த பாலம்

கடைசியாக, தூரிகை வேலை என்று எவரும் சத்தியம் செய்யக்கூடிய, ஆனால் முழுக்க நிஜமான ஒரு படம். நாலு நீண்ட கால்கள் கடலுக்குள் நிற்க, அவற்றின்மேல் ஒரு மேல்தளமும் அறையும், கைப்பிடியைப் பிடித்தபடி ஆட்களும். சுற்றிலும் தண்ணீர். இது இங்கிலாந்தின் பிரைட்டன்–ராட்டிங்டீன் கடலோர மின்ரயில். 1883-இல் பிரைட்டனில் மின்ரயில் ஓட்டிய மேக்னஸ் வோக், கரையோரக் குன்றுகள் வழியை மறித்ததால் கடலுக்கு அடியிலேயே தண்டவாளம் போட்டார். பாறையைக் குடைந்து பதித்த கான்கிரீட் கட்டைகளின்மேல் இரண்டு இணைத் தடங்கள். வெளித் தண்டவாளத்திலிருந்து வெளித் தண்டவாளத்துக்கு 18 அடி. வண்டியின் பெயர் 'பயனீர்'. 45 அடி நீளம், 22 அடி அகலம், 45 டன் எடை, 23 அடிக் கால்கள். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'டாடி லாங்லெக்ஸ்', நெட்டைக்கால் பூச்சி.

படத்தில் அருகே கம்பங்களும் ஒரு கம்பியும் தெரிகிறதா? அதுதான் மின்சாரம் வரும் வழி. கைப்பிடியோரம் ஒரு சிறு படகு தொங்கும். அலங்காரம் இல்லை, அது உயிர்காப்புப் படகு. கடலில் போவதால் சட்டம் இதைக் கப்பலாகப் பார்த்தது. தகுதி பெற்ற மாலுமி ஒருவரும் எப்போதும் வண்டியில் இருந்தாக வேண்டும். தண்ணீருக்கு மேல் தெரியும் காலின் நீளத்தை அளந்து 23 அடியில் கழித்தால் அன்றைய நீரின் ஆழம் ஏறத்தாழக் கிடைக்கும். கால் முழுக்கத் தெரிந்தால் தாழ்கடல். பாதி மூழ்கியிருந்தால் அன்று பயணிகளுக்குப் பொறுமை தேவைப்பட்டிருக்கும், ஏனென்றால் உயர்கடலில் மோட்டாரின் பலம் போதாமல் வண்டி ஊர்ந்தது. வலிமையான மோட்டார் போட வோக்கிடம் பணம் இல்லை.

திறந்தது 1896 நவம்பர் 28. ஆறே நாளில், டிசம்பர் 4 இரவுப் புயல் வண்டியைக் கவிழ்த்துப் போட்டது. வோக் அதைத் திரும்பக் கட்டி 1897 ஜூலையில் ஓட்டினார். 1900-இல் அருகே கட்டிய அலைத்தடுப்புகள் நீரோட்டத்தைத் திருப்ப, கட்டைகளுக்கு அடியிலிருந்த தரை அரித்துக்கொண்டு போனது. இரண்டு மாதம் பழுதுபார்த்தார்கள். அது முடிந்த கையோடு நகராட்சி கரைக்காப்புச் சுவர் கட்ட முடிவெடுத்து, தடத்தைக் கடலுக்குள் இன்னும் தள்ளிப் போடச் சொன்னது. அதற்கும் பணம் இல்லை. 1901-இல் சவாரி நின்றது.

பிரிட்டனில் நடுக்கோடு உள்ள அட்டை வந்ததே 1902-இல்தான். எனவே நடுக்கோடு போட்ட அட்டையில் பயனீர் கடலில் நிற்பதைக் கண்டால், நின்றுபோன பின் விற்ற பழைய படம் அது. சரியான இடம்தானா என்று ஐயம் இருந்தால் அட்டையின் நகலோடு தாழ்கடல் நேரத்தில் பிரைட்டனிலிருந்து ராட்டிங்டீன் நோக்கிக் குன்றடிவாரத்தில் நடந்து பார்க்கலாம். பாசி படிந்த கான்கிரீட் கட்டைகள் ஜோடி ஜோடியாக இன்னும் பாறையில் இருக்கின்றன.